ஒரு குடும்பத்துக்கு ஒரு தட்டு

எங்கள் லேபில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "கன்னிம்மா, நீங்க ஒரு பத்துப் பக்கம் குடுங்க" என்று கார்த்திகா ஃபோனில் கேட்டாள். கண்ணாடிப் பாத்திரம் கழுவப் போனவளிடம் பத்துப் பக்கத்துக்கு என்ன இருக்கப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிக் குழைவது என் வழக்கம் கிடையாது. "பத்து பத்தாதே, பரவாயில்லியா?" என்றுதான் கேட்டேன்.

பெங்களூர் ஒக்கலிபுரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரைக்கும் போனவள் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கன்னடத்தில் பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்து நேராகவே போடுவேன். இதை எழுதிக்கொடுத்தது என் மகள். சொன்னது நான். திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி, எனக்குப் பிடிக்காத வார்த்தையையெல்லாம் மாற்ற வைத்தேன். ஆகவே இதில் தப்பு இருந்தால் அதுவும் என்னுடையதே.

மலரின் அட்டையில் உயிரித் தகவலியல் என்று போடப்போகிறார்களாம். அங்கே வேலை செய்த காலம் முழுக்க அந்தப் பேரை நாங்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'டேட்டா' என்போம். "டேட்டா வந்துச்சா?", "டேட்டா சரியில்ல", "டேட்டா உக்காந்துக்கிட்டு அழுவுது." அவ்வளவுதான்.

நான் சேர்ந்தபோது டேட்டாவும் இல்லை, கம்ப்யூட்டரும் பேருக்கு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் சம்பாத்தியம் போதவில்லை. ஊருக்கு வடக்கே ஒரு பெரிய தோட்டத்துக்குள் இருந்த அந்த லேபில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்கள். கூட வேலை செய்கிறவர் மனைவி சொல்லிப் போனேன். லேபை நடத்திய வசுதா மேடம் அப்போது தலைமுடி நரைக்காத பெண். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பருத்திப் புடவை, ஆம்பளைகள் கட்டுகிற கடிகாரம், தோளில் ஒரு பை, பைக்குள் காபி ஃப்ளாஸ்க். குரலை உயர்த்தி ஒரு நாள் கேட்டதில்லை. அதற்காக லேசான ஆள் என்று நினைத்துவிடக்கூடாது.

முதல் நாள் நான் கழுவி அடுக்கியதில் ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"க்ளீனா?"

"க்ளீன், மேடம்."

"ஹேகே கொத்து?" என்றார். எப்படித் தெரியும் என்று கன்னடத்தில் கேட்கிறார்.

"கண்ணுக்கு நல்லாத் தெரியுதே."

குடுவைக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தார். உள்பக்கத்தில் ஓர் இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. இன்னொரு குடுவையை எடுத்து அதே மாதிரி சாய்த்தார். அதில் தண்ணீர் ஒரே தோலாக, பிரியாமல் இறங்கியது. "முத்து நின்னா அழுக்கு இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்" என்றார். திட்டவில்லை. பக்கத்திலேயே நின்று, நான் அந்த வரிசை முழுவதையும் மறுபடி கழுவி, ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்க்கும்வரை போகவும் இல்லை.

அன்றைக்குப் பிடித்த பழக்கம், இன்றைக்கும் வீட்டு டம்ளரைச் சாய்த்துப் பார்க்காமல் யாருக்கும் தண்ணீர் தருவதில்லை. என் மருமகனுக்கு இதில் ரொம்ப பேஜார்.

அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் லேபில் ஒரு பாட்டு கேட்கும். எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி ஒரு ஃபிலிம். அதில் ஏணிப்படி போலக் கறுப்புக் கோடுகள், நாலு வரிசை. ஒரு மாணவர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துக் கீழேயிருந்து மேலே விரலை நகர்த்திக்கொண்டே படிப்பார். "ஏ, ஏ, டி, ஜி, சி, சி, ஏ..." இன்னொருவர் எழுதிக்கொள்வார். பிறகு எழுதினவர் படிப்பார், முதலாமவர் ஃபிலிமைப் பார்த்துச் சரிபார்ப்பார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். இங்கிலீஷில் எனக்கு முதலில் தெரிந்தது அந்த நாலு எழுத்துத்தான். மனுஷன், மாடு, அரிசிச் செடி, காய்ச்சல் கிருமி எல்லாவற்றுக்குள்ளும் அந்த நாலு எழுத்துத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது என்று மேடம் சொன்னார். "அவ்ளோதானா மேடம்? நாலு எழுத்துக்கா இத்தனை பேரு படிக்கிறாங்க?" என்று கேட்டேன். மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது அபூர்வம்.

பிறகு மெஷின் வந்தது. மெஷினுக்குப் பின்னால் கம்ப்யூட்டர்கள் வந்தன. பாட்டு நின்றுவிட்டது. பையன்களும் பெண்களும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்கக் கையே நனையாத வேலை. எனக்கு அவர்களைப் பார்த்தால் முதலில் இளக்காரம்தான். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சேலத்திலிருந்து புதிதாக வந்த கார்த்திகாவைக் கேட்டேன். அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நான் என் பாட்டுக்கு ஒன்று புரிந்துகொண்டு, அவளுக்கே திருப்பிச் சொன்னேன்.

ஒரு பட்டுப்புடவையைத் துண்டு துண்டாகக் கிழித்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஒரு புடவை போதாது, அதே புடவையில் நிறைய. துண்டுகளெல்லாம் ஒரே குவியல். மெஷின் கொடுப்பது அந்தக் குவியலைத்தான். பக்கத்தில் அதே மாதிரி முழுப்புடவை ஒன்று விரித்திருக்கிறது. ஒவ்வொரு துண்டும் எந்த இடத்துத் துண்டு என்று பார்டரையும் பூவையும் பார்த்து வைக்கவேண்டும். வைத்து முடித்தால் ஓர் இடத்தின் மேல் பல துண்டு அடுக்கு அடுக்காக உட்கார்ந்திருக்கும். முழுப்புடவையில் பச்சை இருக்கிற இடத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும் மஞ்சள் காட்டினால் அது கறை. அங்கே விழுந்த துண்டெல்லாமே மஞ்சள் காட்டினால், இந்தப் புடவையின் நெசவே அங்கே வேறு.

"பாதி மஞ்சளும் பாதி பச்சையும் காட்டினா?" என்றாள் கார்த்திகா, என்னை மடக்குவதற்கு.

"ரெண்டு புடவை இருக்குதுன்னு அர்த்தம்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "ஆமாங்க. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு" என்றாள். இப்படித்தான் நாங்கள் சிநேகமானோம். இந்த இரண்டு புடவை விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது சுலபமாகப் புரியும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளை அனுப்பத் தொடங்கியபோது என் வேலை மாறியது. டாக்டர்கள் பார்த்தும் இன்ன நோய் என்று பிடிபடாதவர்கள் வருவார்கள். நோயாளி, அப்பா, அம்மா, மூவருக்கும் ரத்தம் எடுப்பது வழக்கம். நர்ஸ் ஊசி போடுவார். டியூபில் லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, லேபுக்குள் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. அதை மேடம் என்னிடம்தான் கொடுத்தார், படித்தவர்கள் பலர் இருந்தும். குடுவையைச் சாய்த்துப் பார்க்கிற கை என்பதால் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

அதற்கு நானே ஒரு முறை வைத்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு தட்டு. முதல் குடும்பத்தின் டியூப் ஐஸ் பெட்டிக்குள் போய் மூடி விழுந்த பிறகுதான் அடுத்த குடும்பத்தின் லேபிளை உறையிலிருந்து எடுப்பேன். ஊசி போட்ட பிறகு ஒட்டமாட்டேன், அதற்கு முன்னாலும் ஒட்டமாட்டேன். ரத்தம் டியூபில் ஏறிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து கேட்பேன். "பேர் சொல்லு. நோயாளிக்கு நீ யாரு?" அவர்கள் வாயால் சொல்லவேண்டும். அம்மா என்றால் எம், அப்பா என்றால் எஃப், நோயாளிக்கு பி. சொன்ன வாய் மூடுவதற்குள் லேபிளை ஒட்டி, அவர்களிடமே காட்டுவேன். டாக்டரே வந்து ரத்தம் கொடுத்தாலும் இந்தக் கேள்வி உண்டு. ஒரு டாக்டர், "என்னம்மா, என் பையனுக்கு நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் சார். டியூபுக்குத் தெரியாதே" என்றேன்.

அப்படி ஒரு நாள் ஹலசூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன். பெண் பவித்ரா, காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் பாதியில் நிறுத்தியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தசையில் பலம் குறைந்துகொண்டே வந்தது. படி ஏற முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். அப்பா மணி ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா அமுதா. பெண்ணின் தாவணி மடிப்பைக்கூட அமுதாதான் சரிசெய்வாள், தண்ணீர் குடித்தால் வாயைத் துடைத்துவிடுவாள். "விடும்மா, மூஞ்சி தேஞ்சிடும்" என்று பவித்ரா முறைப்பாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. எனக்குப் பிடித்துப்போனது.

இந்த மாதிரி தசை நோயில் பல வகை உண்டாம். பெரும்பாலானவற்றுக்கு மருந்து இல்லை. ஒரே ஒரு வகைக்கு மட்டும் சாதாரண மாத்திரை கேட்கும். பவித்ராவின் டேட்டாவில் அந்த வகைக்கான இடத்தில் இரண்டு எழுத்து மாறியிருந்தது. இரண்டும் ஒரே புடவையில் இருந்தால் இன்னொரு புடவை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், நோய்க்குக் காரணம் வேறெங்கோ. ஒரு மாற்றம் அம்மாவிடமிருந்தும் இன்னொன்று அப்பாவிடமிருந்தும் வந்திருந்தால் நோய் இதுவேதான், மாத்திரை கொடுக்கலாம். அப்பா அம்மா ரத்தத்தைப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

பார்த்தாள் கார்த்திகா. நேரே என் அறைக்கு வந்தாள், லேப்டாப்பைக் கையில் திறந்து பிடித்தபடியே.

"கன்னிம்மா, ஹலசூரு ஃபேமிலில டியூப் மாறியிருக்குங்க."

"எந்த டியூபு?"

"அப்பாவோடதும் அம்மாவோடதும். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பேருமே பொருந்தல. ஒரு இடம் ரெண்டு இடம் இல்லைங்க, எங்க பார்த்தாலும் பொருந்தல."

"என் தட்டுல மாறாது."

"மெஷின் பொய் சொல்லாதுங்க."

"நான் சொல்லுவனா? சேலத்துல மாம்பழக் கூடை மாறுமே, அந்த மாதிரின்னு நெனச்சியா?"

"எங்க ஊரு மாம்பழத்த எதுக்குங்க இழுக்கறீங்க? தப்புன்னா தப்புதானுங்களே!"

சத்தம் கேட்டு இரண்டு மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று மதியத்துக்குள் கேன்டீன் வரைக்கும் போய்விட்டது, கன்னியம்மா டியூபை மாற்றிவிட்டாள் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை காலமாக அந்த இடத்தில் எனக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு பேர்தான், தட்டு மாறாது என்கிற பேர்.

மேடம் கார்த்திகாவைத்தான் முதலில் கேட்டார். "மாறிப்போச்சுன்னு ஹேகே கொத்து? மாறியிருந்தா அந்த ரெண்டு டியூபும் வேற யாரோடதோ இருக்கணும். அன்னிக்கி வந்த மத்த குடும்பத்துல தேடு." அவள் தேடினாள். எந்தக் குடும்பத்தோடும் சேரவில்லை. "அப்ப மறுபடி எடுங்க. கன்னியம்மாவே போகட்டும்" என்றார் மேடம். வேறு ஆளை அனுப்பாமல் என்னையே அனுப்பினாரே, அதற்காகவே அவருக்கு நான் எதையும் செய்வேன்.

நர்ஸோடு ஹலசூருக்குப் போனேன். மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். படி இறங்க முடியாததால் பவித்ரா ஜன்னலை விட்டு நகர்வதில்லை போலிருக்கிறது. "வாங்க ஆன்ட்டி, எங்க ரத்தத்த எங்கியாவது விக்கிறீங்களா?" என்றாள்.

"உன் ரத்தத்த எவன் வாங்குவான், இவ்ளோ வாயோட?"

அமுதா சிரித்துக்கொண்டே டீ வைத்தாள். தானே முன்னால் வந்து கையை நீட்டினாள். "எவ்ளோ வேணாலும் எடுத்துக்கக்கா. இவ எழுந்து நடந்தாப் போதும்."

"பேர் சொல்லு."

"அமுதா."

"இந்தப் பொண்ணுக்கு நீ யாரு?"

"அம்மா."

எம் ஒட்டிக் காட்டினேன். மணிக்கு எஃப். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்ப அதே டேட்டா வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே. இந்தத் தடவை கார்த்திகா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகமே சரியில்லை.

"நீங்க மாத்தலைங்கம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிக்கங்க."

எனக்கு எழுந்து கேன்டீனுக்கு ஓடி, நடு மேஜையில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. நிஜமாகவே எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கேளுங்க. மணி அண்ணனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. அமுதாக்காவுக்குப் பாதிதான் சம்பந்தம். பெத்த அம்மாவுக்கு எவ்வளவு இருக்கணுமோ அதுல பாதி. எனக்குத் தெரிஞ்சு, சித்தியா இருக்கணும்."

என் பேர் சுத்தமாகிவிட்டது. சுத்தமாகிவிட்டது என்று வெளியே சொன்னால் அமுதா அம்மா இல்லை என்றாகிறது.

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "நோய் என்னன்னு நம்மளக் கேட்டாங்க. யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு கேக்கல. கேக்காதத சொல்ற அதிகாரம் நமக்கு இல்ல. ஆனா பெத்தவங்க ரத்தம் இல்லாம நோயும் தெரியாது. அம்மாவ மட்டும் வரச் சொல்லுங்க. கன்னியம்மா, நீ தமிழ்ல பேசு. நான் கூட இருக்கேன்."

அமுதாவை மட்டும் வரச் சொல்லி ஃபோன் போட்டோம். மூவருமே வந்தார்கள். பவித்ராதான் பிடிவாதம் பிடித்தாளாம். மணி அவளைத் தூக்கிவந்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். அமுதா சுவரோரம் நின்றாள். 'நீங்க மட்டும்' என்று ஃபோனில் சொன்னபோதே அவளுக்கு ஏதோ தட்டியிருக்கவேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை. மாணவர்கள் போவதும் வருவதுமாக இருந்த நேரம். நானும் கார்த்திகாவும் வெளியே வந்தோம்.

பவித்ரா விடவில்லை. "ரெண்டு தரம் எடுத்துட்டீங்க. இப்ப எதுக்கு எங்கம்மாவ மட்டும் கூப்பிடுறீங்க? யாரோட ரத்தத்துல தப்பு? என்னுதா, அவங்களுதா?"

கார்த்திகா நல்ல பெண். ஆனால் அவளுக்குப் பொய் வராது. "இல்லம்மா, மேட்ச்..." என்று ஆரம்பித்துவிட்டாள். அமுதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான்தான் கண்ணு டியூப மாத்திட்டேன்" என்றேன்.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு தரமுமா?" என்றாள் பவித்ரா.

"ரெண்டு தரமும்தான். வயசாவுது. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

மணிக்கு அந்த நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பாவம், பெண்ணைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலுப்பு அத்தனையும் என் மேல் இறங்கியது. "ஏம்மா, படிக்காத பொம்பளைங்கள வச்சி உசுரு வெளாட்டு வெளாடுறீங்களா? ஒருநாள் வண்டி ஓட்டலன்னா எனக்கு இன்னா ஆவும்னு தெரியுமா? எழுத்து தெரியலன்னா பெருக்கிட்டு வூட்டுக்குப் போவணும்!" இன்னும் பேசினார். நான் நின்று கேட்டேன். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பேசினதில்லை, பேசியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். மேடம் கதவோரம் வந்து நின்றார். என்னையே பார்த்தார். எதற்கெடுத்தாலும் எப்படித் தெரியும் என்று கேட்கிறவர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அலைச்சல் வீணான வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் கண்ணாடி கழுவுகிற அறைக்குள் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அமுதா பின்னாலேயே வந்தாள்.

"ஏன்க்கா அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்லணும்?"

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எங்கக்கா பொண்ணுதான். கோலார் கே.ஜி.எஃப்ல கீறாங்க. அதுக்கு மொதல்லயே ரெண்டு. எனக்கு ஒண்ணும் தங்கல. பொறந்து துணி சுத்தி அப்டியே என் மடியில வச்சாங்க. அப்புறம் நாங்க இங்க வந்துட்டோம். அக்கா புள்ள என் புள்ள இல்லியா? ஒரே ரத்தம்தானன்னு நெனச்சிதான் கையக் குடுத்தேன். இதக்கூட அந்த மெஷின் பிரிச்சிப் பாக்கும்னு யாரு கண்டா?"

"யாரும் காணல. விடு."

"தெரிஞ்சா, மத்த ரெண்டையும் வச்சிக்கினு என்ன மட்டும் ஏன் குடுத்தாங்கன்னு கேப்பாக்கா. அதுக்கு எங்கிட்ட இன்னா பதில் கீது?"

எங்கள் குடும்பங்களில் இது நடப்பதுதான். பிள்ளை இல்லாத தங்கைக்கு அக்கா ஒன்றைக் கொடுப்பாள். அதற்கு யாரும் காகிதம் எழுதுவதில்லை, ஊரைக் கூட்டுவதும் இல்லை. 'இந்தப் பெண்ணுக்கு நீ யாரு' என்று கேட்டால் வளர்த்தவள் அம்மா என்றுதான் சொல்வாள். பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே அவளுக்கு வராது.

அக்காவின் ரத்தமும் அவர் வீட்டுக்காரர் ரத்தமும் வேண்டும் என்று சொன்னேன். அவர்களை மட்டும் வரவழைத்தால் பவித்ரா விடமாட்டாளே என்றாள். அதற்கு வழி சொன்னது மேடம். டியூப் மாறினது என்று சொல்லியாகிவிட்டது அல்லவா, அதனால் இனி இரண்டு பக்கத்துச் சொந்தம் அத்தனை பேரிடமும் எடுத்துச் சரிபார்க்கிறோம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். நான் சொன்ன பொய்யின் மேலேயே அவர் வண்டியை ஓட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மணியின் தம்பி, தங்கை, அமுதாவின் அண்ணன், கே.ஜி.எஃப் அக்கா, மாமா, பிள்ளைகள், ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். மேடம் காபி வரவழைத்தார். ஊசிக்குப் பயந்து ஓடின மணியின் தம்பியைப் பார்த்து பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் மணி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்காவது கண்ணாடி போட்டுக்கினு பாரும்மா" என்று குத்திக்கொண்டே இருந்தார். நான் டியூபை மாற்றவில்லை என்பதை அமுதா அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் முறை வந்தது.

"பேர் சொல்லு."

சொன்னாள்.

"இந்தப் பொண்ணுக்கு நீ யாரு?"

அவள் அமுதாவைப் பார்த்தாள். பிறகு, "பெரியம்மா" என்றாள். அப்படியே குறித்துக்கொள்ள நர்ஸிடம் சொன்னேன்.

டேட்டா வந்தது. ஒரு மாற்றம் அங்கிருந்து, ஒரு மாற்றம் இங்கிருந்து. மாத்திரை கேட்கிற வகை. ரிப்போர்ட்டில் மேடம் நோயின் பேரை மட்டும் எழுதினார். யாரிடமிருந்து எந்தப் புடவை வந்தது என்பதை ஆஸ்பத்திரி டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னார். சில மாதம் கழித்துப் பவித்ரா தானாகப் படி ஏறி எங்கள் லேபுக்கு வந்தாள். மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மணி எனக்கு மட்டும் வணக்கம் சொல்லவில்லை. அதற்குள் அமுதா சொல்லியிருப்பாள், வெட்கமாக இருந்திருக்கும்.

என் பேர் போனது போனதுதான். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு, "கன்னிம்மா பண்ணிடாதே" என்று சொல்லிக்கொடுப்பார்கள். டியூபில் கோடு கோடாக அச்சடிக்கிற மெஷின் வாங்கியபோது, அது என் புண்ணியத்தில் வந்தது என்று ஒரு சிரிப்பு. நான் ரிடையர் ஆன அன்றைக்கு மாலை போட்ட டைரக்டரும் மைக்கில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். கார்த்திகா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். மேடம் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தன் கடைசி நாளில் ஃப்ளாஸ்க்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றிக்கொடுத்து, "இந்த லேப்ல ஒரே ஒரு தப்பு டேட்டா இருக்கு, கன்னியம்மா. நல்லவேளை, அது கம்ப்யூட்டர்ல இல்ல" என்றார். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். முழுக்கப் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒக்கலிபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. பவித்ரா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாளாம், சதை பிடித்திருந்தாள். அமுதா இறந்து சில மாதமாகிறது என்றாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போவதற்குள். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.

"அன்னிக்கு நீங்க டியூப மாத்தலதானே, ஆன்ட்டி?" என்றாள்.

நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

"அம்மா உயிரோட இருக்கறவரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். டியூபு மாறிப்போச்சுன்னு கேட்டா யாருக்கும் கோவம்தான் வரும். அப்பாவுக்கு வந்துச்சே, அந்த மாதிரி. எங்கம்மா அழுதாங்க, உயிர் திரும்பி வந்தவங்க மாதிரி. அப்பவே எனக்கு உள்ள ஏதோ இருக்குதுன்னு பட்டுச்சு. அப்புறம் நானா படிச்சேன். பெரியம்மா ரத்தம் குடுத்த அன்னிக்கு அவங்க மூஞ்சியையும் பாத்தேன். கூட்டிக் கழிச்சா வந்துடுச்சு. எனக்குத் தெரியும்ங்கறது அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. அதுக்காகத்தான் உங்களப் பாக்கக்கூட வரல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லிடுங்க ஆன்ட்டி. எங்க பேரு போடாம லேப்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க. எங்களுக்காக உங்க பேரு கெட்டது போதும்."

அதனால்தான் கார்த்திகா கேட்ட உடனே சரி என்றேன்.

டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த டெஸ்ட்டுல அம்மான்னு யாரு வந்தாங்க?"

"அது கம்ப்யூட்டர்க்காரங்க வேல, எனக்குத் தெரியாது. என் வேல லேபிள் ஒட்டறது" என்றேன். "அம்மான்னு சொல்லி அமுதா கைய நீட்டினா. எம் போட்டு நான்தான் ஒட்டினேன். அந்த லேபிள்ல தப்பு கெடையாது."